புறம்போக்குச் சிங்கம்

1

"குதிரை ஆரோடது? அதை மட்டும் சொல்லு மச்சான்."

"குதிரை ஒன்னோடதுதான். ஆரு இல்லேன்னா? இங்கிட்டு நிக்கிற மாடு ஆரோடது, அதைச் சொல்லு."

"மாடு கெடக்கட்டும். படத்துல மொதல்ல வாரது குதிரை."

"ஒன் கண்ணுக்கு மொதல்ல வருது. வலப்பக்கமா வந்து நின்னு பாரு. மாடு மொதல்ல வரும்."

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெந்தயம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தது. (வெந்தயம் ஒரு கைப்பிடிதான். அதைக் காயப்போட ஒரு காலைப்பொழுது ஆகுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சில நாளில் ஆகும்.)

சத்தம் போட்ட இருவரில் ஒருவர் ஆண்டியப்ப வேளார். எங்களுக்கு அடுத்த வீடு. இன்னொருவர் அவருடைய மச்சான் சோலையப்ப வேளார். தெருக்கோடி. ஆண்டியப்பனின் பெண்சாதி அமராவதி, சோலையப்பனுடைய கூடப்பிறந்த தங்கை. ஆண்டியப்பனின் மகள் செங்கமலத்துக்கும் சோலையப்பனின் மகன் நல்லதம்பிக்கும் பரிசம் போட்டு, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. ஆக, ஒரு நல்ல சண்டைக்கு வேண்டிய உறவுகள் எல்லாம் தயாராக இருந்தன. காரணம் ஒன்றுதான் குறைச்சல். அதை இந்திய அரசாங்கம் கொடுத்தது.

2

இந்தியத் திருநாட்டின் சின்னத்திலே சிங்கம் வீரத்தையும், காளை உழைப்பையும், குதிரை வேகத்தையும், நடுவிலுள்ள சக்கரம் அறத்தையும்—

[நிறுத்திவிட்டேன். இதுதான் நான் முதலில் எழுதிய ஆரம்பம். சுதந்திர தினத்தில் மைக் கிடைத்தவர்கள் எல்லாரும் சொல்வது. எங்கள் தெருவில் குதிரைக்கு அர்த்தம் வேகம் இல்லை, ஆண்டியப்பன். காளைக்கு அர்த்தம் உழைப்பு இல்லை. சோலையப்பன், அவர் உழைத்ததாக அமராவதியே சொன்னதில்லை.]

விஷயம் இதுதான். எங்கள் ஊர் குளத்தூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற வழியில் இருக்கிறது. ஊர் எல்லையில் அய்யனார். வருஷா வருஷம் அவருக்கு மண்குதிரையும் மண்காளையும் செய்து, சுட்டு, வர்ணமடித்து, தோளில் தூக்கிக் கொண்டுபோய் நிறுத்துவோம். குதிரை செய்கிற பாத்தியம் ஆண்டியப்பன் வகையறாவுக்கு. காளை செய்கிற பாத்தியம் சோலையப்பன் வகையறாவுக்கு. பாட்டன் காலத்துப் பங்கு. குதிரைக்காரர் காளையின் வாலைக்கூடத் தொட மாட்டார். காளைக்காரர் குதிரையின் மேல் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்ட மாட்டார்.

இப்படி அமைதியாக இருந்த ஊரில், 1961-ஆம் வருஷம், பஞ்சாயத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். தலைவர் சேக் அலாவுதீன் ராவுத்தர், கடலைக்காய் வியாபாரி, உற்சாகமான மனிதர். புதுக்கோட்டை போனவர் ஒரு கட்டடத்தின் நெற்றியில் சிமெண்டுச் சிங்கங்களைப் பார்த்துவிட்டார். வந்ததும் வராததுமாக அரசாங்கக் காலண்டரிலிருந்து சின்னத்தைக் கத்தரித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே ஆண்டியப்பனும் சோலையப்பனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம ஆபீசுக்கும் இப்படி ஒண்ணு மண்ணுல செஞ்சு, சுட்டு, மேலே வைக்கணும்யா. முடியுமா?"

அவர் செய்த தப்பு, படத்தை இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் காட்டியது.

மேலே சிங்கங்கள். அவற்றின் காலடியில், பீடத்தில், இடப்பக்கம் ஒரு குதிரை. வலப்பக்கம் ஒரு காளை. நடுவில் சக்கரம். வேறு ஊராக இருந்தால் "அடடே, அழகாயிருக்கே" என்று டீயைக் குடித்திருப்பார்கள். இவர்கள் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பத்திரத்தைப் பார்த்த மாதிரி நிமிர்ந்துவிட்டார்கள். டெல்லியிலும் இதே பங்குதான் என்று தெரிந்துவிட்டது.

சக்கரத்தில் மட்டும் தகராறு இல்லை. பானை வனைகிற திருகை அது என்பதில் இருவரும் ஒரே பேச்சு. "கொடியில இருக்கறதும் நம்ம திருகைதான் மச்சான்" என்று ஆண்டியப்பன் சொன்னபோது சோலையப்பனுக்குக் கண் கலங்கியதாக டீக்கடைக்காரர் சொன்னார். சமஸ்தானம் போய் நாடு வந்து பதின்மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தாங்கள் இந்தியர்கள் என்று உறைத்தது.

அடுத்த வாய் டீக்குள், சிங்கம் யாருக்கு என்ற கேள்வி வந்துவிட்டது.*

* சின்னத்துக்குக் கீழே வடக்கத்தி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எங்கள் ஊரில் அதை வாசிக்க ஆள் இல்லை. செய்தவன் பெயராக இருக்கும் என்று யாரோ சொல்லப்போக, அதில் எவன் பெயர் போடுவது என்று இன்னொரு சண்டை. அதைச் சேர்த்தால் கதை நீண்டுவிடும். அடிக்குறிப்போடு போகட்டும்.

3

செங்கமலம் அழகும் அடக்கமும்—

[அடக்கம் என்று யார் சொன்னது? நான்தான், பழக்கதோஷத்தில். எடுத்துவிட்டேன்.]

ஆனி முடிவதற்குள் கல்யாணம் நின்றுவிட்டது. "மாட்டுக்காரன் வீட்டுக்கு எம்பொண்ணு போகமாட்டா" என்று இவர் சொல்ல, "குதிரைக்காரன் பொண்ணு எவனுக்கு வேணும்" என்று அவர் சொல்ல, முடிந்தது. நடுவில் அமராவதி. அவள் அழவில்லை. புருஷனுக்குக் குழம்பில்லாமல் வெறும் சோறு போட்டாள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கேயும் அடுப்படியில் நுழைந்து, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வாரம் இரண்டு வீட்டுக் குழம்பையும் நானும் செங்கமலமும்தான் சாப்பிட்டோம்.

அப்படிச் சாப்பிடும்போதுதான் கேட்டேன். நேராகவே கேட்டேன். கதைக்குத் தேவைப்பட்டது.

"நல்லதம்பி மேலே ஒனக்கு ஆசைதானா? இல்லே, முறை மாப்பிள்ளைங்கறதுக்காகத் தலையாட்டினியா?"

"அக்கா, ஒங்க வெந்தயம் இன்னமுமா காயலை?"

"பேச்சை மாத்தாதே."

முழங்கை வரை மண்ணோடு உட்கார்ந்து சந்தைக்குச் சொப்புச் சாமான் உருட்டிக்கொண்டிருந்தாள். பெண்கள் செய்யலாம் என்று அந்த வீட்டில் விட்டிருந்தது அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் ஒரு குட்டிப் பானைக்கு வாய் கட்டினாள். பிறகு சொன்னாள்:

"போன வருசம் நான் ஒரு மயில் செஞ்சேன், நெனப்பிருக்கா? எல்லாரும் சிரிச்சாக."

"கோழி மாதிரி இருந்துச்சே, சிரிக்காம என்ன செய்ய?"

"அவுகளும் சிரிச்சாக. ஆனா என்னையப் பாத்துச் சிரிச்சாக. மயிலைப் பாத்து இல்லை."

"அதுக்கென்ன?"

"அதுக்குத்தான்."

காதலைப் பற்றி நான் இதுவரை எழுதியதை எல்லாம் எடுத்து அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது. ஆனால் சந்தேகம் மட்டும் தீர்ந்தது. இந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தாக வேண்டும், அந்த வீட்டுப் பையனோடுதான் நடந்தாக வேண்டும். குதிரையும் காளையும் எப்படியோ போகட்டும்.

4

இனிமேல் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். அன்றைக்கு நானே அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடியவள்.

மண்ணுருவம் செய்கிறவருக்கு முதலில் ஊர்ப் பெரிய மனிதர் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிடிமண் என்பார்கள். அதை யார் வாங்குகிறாரோ அவருக்கே வேலை, அவருக்கே பாத்தியம். சிங்கத்துக்கும் பிடிமண் இல்லாமல் கை வைக்க மாட்டோம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

ராவுத்தர் தயங்கினார். "நான் குடுக்கலாமாய்யா? அய்யனார் கோயில் சடங்காச்சே."

"அய்யனாருக்குன்னா அம்பலக்காரர் குடுப்பாக" என்றார் சோலையப்பன். "இது அரசாங்கத்துக்கு. ஒங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டோம்? நீங்கதான் குடுக்கணும்."

"சரி. எங்கிட்டு மண்ணு எடுக்கணும்?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. அய்யனாருக்குக் கண்மாய் மண். அரசாங்கத்துக்கு எந்த மண்? பஞ்சாயத்து கிளார்க் செபமாலை தொண்டையைச் செருமினார்.

"அரசாங்கத்து மண்ணுன்னா புறம்போக்குதானுங்க."

யாரும் சிரிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மேளத்தோடு போனோம். சந்தைக்குப் பின்னால், கழுதை மேய்கிற, யாருக்கும் பட்டா இல்லாத அந்த வெட்டவெளிக்கு. ராவுத்தர் செருப்பைக் கழற்றினார். குனிந்து இரண்டு கையாலும் ஒரு பிடி அள்ளினார். நிமிர்ந்தால் எதிரே இரண்டு துண்டுகள் விரிந்திருக்கின்றன. ஒன்று ஆண்டியப்பன், ஒன்று சோலையப்பன்.

"ஒரு பிடிதான்யா இருக்கு."

"இங்கிட்டுப் போடுங்க தலைவரே."

"அங்கிட்டுப் போட்டீங்கன்னா அடுத்த எலெக்சன்ல பாத்துக்குவோம்."

மண் விரலிடுக்கில் ஒழுகத் தொடங்கிவிட்டது. ராவுத்தர் உள்ளங்கையை இறுக்கிக்கொண்டு, கடலைக்காய் வியாபாரத்தில் இப்படி ஒரு கட்டம் வந்ததில்லையே என்பதுபோல் நின்றார். அப்போதுதான் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு புதுப்பானை முன்னால் வந்தது. பானையைப் பிடித்திருந்தது செங்கமலம்.

"இதுல போடுங்கய்யா."

"நீ எதுக்கு இங்கிட்டு வாரே?" என்றார் அப்பன்.

"குதிரை ஒங்களுக்குப் பாத்தியம்ப்பா. நீங்க செய்யுங்க. மாடு மாமாவுக்குப் பாத்தியம். மாமா செய்யட்டும். சிங்கம் ஆருக்குப் பாத்தியம்?"

விரிந்திருந்த துண்டுகள் இரண்டும் கொஞ்சம் தாழ்ந்தன.

"ஆருக்கும் பாத்தியம் இல்லேல்ல? அப்ப அது புறம்போக்கு. நான் செய்யுறேன்."

"பொம்பளை தொடக் கூடாது" என்று சோலையப்பன் பாய்ந்தார்.

"குதிரையத் தொடக் கூடாது மாமா. மாட்டைத் தொடக் கூடாது. சிங்கத்தைத் தொடக் கூடாதுன்னு ஆரு சொன்னா? நம்ம பாட்டன் சிங்கத்தைப் பாத்திருக்காகளா?"

(இவ்வளவு கோர்வையாக அவள் பேசவில்லை. நடுவில் விக்கல் வந்தது. "புறம்போக்குத்தானே" என்பதை இரண்டு தரம் சொன்னாள். நான்தான் நிமிர்த்திவிட்டிருக்கிறேன்.)

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தனக்கில்லை என்ற வருத்தத்தைவிட அவனுக்கும் இல்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்திருக்க வேண்டும். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். ராவுத்தர் அந்த இடைவெளியில் மண்ணைப் பானையில் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சுதுய்யா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். எனக்கும் உலை ஞாபகம் வந்தது. சோறு கருகியிருந்தது. வருத்தமில்லை.

5

மூன்று இடத்தில் மூன்று வேலை. ஆண்டியப்பன் தன் வாசலில் குதிரை. சோலையப்பன் தெருக்கோடியில் காளை. செங்கமலம் கொல்லையில், எனக்கு வசதியாக வேலி ஓரத்தில், சிங்கம்.

நல்லதம்பியைப் பற்றி இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவன் இடம் கொடுப்பதில்லை. அப்பன் எதிரில் சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஆடி மாதம் முழுக்க, மண்ணில் சேர்க்கிற உமியை ஒரு கூடையில் தூக்கிக்கொண்டு, ஆண்டியப்பன் வாசலைத் தாண்டி, அவர் முறைப்பையும் தாண்டி, கொல்லைக்கு வந்து வைத்துவிட்டுப் போவான். செங்கமலத்துக்கு அவ்வளவு உமி தேவையே இல்லை. குவியல் என் வீட்டுப் பக்கம் சரிந்தது.

காலண்டர் படத்தைப் பார்த்துத்தான் செய்தாள். ஆனாலும் இடப்பக்கச் சிங்கத்துக்குக் கண் பிதுங்கி, ஆண்டியப்பன் கணக்காக இருந்தது. வலப்பக்கச் சிங்கத்துக்கு மூக்கு சப்பை, சோலையப்பன். நடுச்சிங்கம் லேசாகச் சிரித்தது. அது யார் என்று கேட்டதற்கு "சிங்கம்" என்றாள். அதற்குமேல் கேட்க என்னாலேயே முடியவில்லை.

சுதந்திர தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றையும் சுட்டு, வண்டியேற்றி, பஞ்சாயத்து ஆபீசு முன்னால் இறக்கினார்கள். ஊர் வாய் பிளந்தது.

ஆண்டியப்பன் பிறந்ததிலிருந்து செய்தது ஆளுயரக் குதிரை. அதையேதான் செய்திருந்தார். கழுத்தில் மணி, முதுகில் சேணம், வாயில் பல். அதை ஈர மண்ணாக இருக்கும்போதே எட்டிப் பார்த்துவிட்டுப் போன சோலையப்பன், ஒரு சாண் கூடுதலாகக் காளையை எழுப்பியிருந்தார். நடுவில் செங்கமலத்தின் சிங்கங்கள், படத்தில் கண்ட அளவுக்கு ஏற்ப, நெல் அளக்கிற மரக்கால் உயரம்தான். ஏதோ இரண்டு பெரியவர்களின் காலடியில் பூனை குட்டி போட்டதுபோல் இருந்தது.

"பீடத்துல இருக்கவேண்டியதுய்யா இது" என்று ராவுத்தர் படத்தை ஆட்டினார். "சிங்கத்துக்குக் கீழே, சின்னதா."

"சின்னக் குதிரை எங்க வம்சத்துலயே இல்லைங்க."

"குதிரை சின்னதாச்சுன்னா சொல்லுங்க, மாட்டைக் கொறைக்கிறதப் பத்தி யோசிக்கிறேன்."

கடைசியில் ஒன்றுதான் செய்ய முடிந்தது. சிங்கங்கள் கட்டடத்தின் நெற்றிக்கு ஏறின. குதிரை வாசலுக்கு இடப்பக்கமும் காளை வலப்பக்கமும் தரையில் நின்றன.

6

ஆகஸ்டு பதினைந்து. தாலுகாவிலிருந்து கொடியேற்ற வந்த அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். மேலே பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார்.

"இது என்ன?"

"தேசியச் சின்னமுங்க" என்றார் ராவுத்தர். "ரெண்டு பேரு மட்டும் கீழே எறங்கி நிக்கிறாக."

அதிகாரி நல்ல மனிதர். இன்னும் இரண்டு ஊரில் கொடியேற்ற வேண்டியிருந்தது. கயிற்றைப் பிடித்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிங்கத்துக்குக் கண் இன்னும் திறக்கவில்லை.

குதிரைக்கும் காளைக்கும் காலையிலேயே கண் எழுதியாகிவிட்டது. சிங்கத்துக்கு எழுதவில்லை. மையைத் தொட்டு, விழியை எழுதி, கண்ணாடி காட்டினால்தான் எங்கள் பக்கத்தில் மண் உருவமாகும். அதுவரை வெறும் மண். "கண்ணு தொறக்காத சிங்கத்துக்குக் கீழே ஆரு வந்து வரி கட்டுறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் ஆமாம் என்றார்கள். வரி கட்டாமலிருக்க இவ்வளவு பக்தியான காரணம் முன்பு கிடைத்ததில்லை.

"சீக்கிரம் திறந்துடுங்க" என்றார் அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "யார் திறக்கணும்?"

செய்தவர்தான் திறக்க வேண்டும். செங்கமலம் மைக்கிண்ணத்தோடு முன்னால் வந்தாள். சுவரில் ஏணி சாத்தியிருந்தது. அப்போது சோலையப்பன் நடுவில் வந்து நின்றார்.

"செஞ்சது சரி. வீட்டுக் கொல்லையில செஞ்சா. ஊரு பாக்க ஒரு பொம்பளை ஏணி ஏறிக் கண்ணு தொறந்தான்னா, அவ எனக்கு மருமக இல்லை. ஆவணி பேச்சே வேணாம்."

இத்தனை நாள் சண்டையில் நின்றுபோன கல்யாணம், இவர் வாயில் மறுபடி வந்ததே அப்போதுதான். மையை ஓர் ஆண்பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் கல்யாணம் உண்டு என்பது அதில் இருந்தது. அது அவளுக்கும் புரிந்தது.

(அ) செங்கமலம் கிண்ணத்தை அப்பாவிடம் கொடுக்கிறாள். அவர் ஏறித் திறக்கிறார். ஆவணியில் கல்யாணம்.

[இதைத்தான் முதலில் எழுதினேன். என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.]

(ஆ) நல்லதம்பி பாய்ந்து வந்து, "அப்பா, காலம் மாறிவிட்டது, பெண்களும் இந்த நாட்டின்—"

[நல்லதம்பியா? நாலாவது வார்த்தையிலேயே அவனுக்கு மூச்சு முட்டியிருக்கும்.]

(இ) நடந்தது. செங்கமலம் நல்லதம்பியைப் பார்த்தாள். ஊரே நல்லதம்பியைப் பார்த்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். அப்பனைச் சுற்றிக்கொண்டு போய், ஏணியின் அடிக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான்.

அவள் ஏறினாள்.

இடப்பக்கச் சிங்கத்துக்குக் கண். வலப்பக்கச் சிங்கத்துக்குக் கண். நடுச்சிங்கத்துக்கு எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நிதானித்தது. கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். வெயில் பட்டு அது கூட்டத்தின் மேல் பளீரென்று அடித்தது. அமராவதிதான் முதலில் குலவை போட்டாள். பிறகு பெண்கள் எல்லோரும். நான் போட்ட குலவையில் மூன்று நாள் தொண்டை கட்டிவிட்டது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே கொடி ஏறிவிட்டது. அதிகாரி சல்யூட் அடித்தார். கொடிக்கா, சிங்கத்துக்கா, ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவளுக்கா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

7

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டு வாசலில், கொட்டகை போட்டு. ஏணியைப் பிடித்த கையைப் பார்த்த பிறகு ஆண்டியப்பன் மாட்டுக்காரன் வீடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

சோலையப்பன் சொன்ன சொல் மாறவில்லை. மாப்பிள்ளைக்குத் தகப்பனாக அவர் வரவில்லை. ஆனால் பெண்ணுக்குத் தாய்மாமன் அவர்தானே? தாய்மாமன் மாலை போட்டு, கை பிடித்து அழைத்து வராமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. அமராவதி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, "எம்மகளுக்கு மாமன் வேணும்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுத் திரும்பினாள். பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு, மாலையோடு வந்தார் மனிதர்.

செங்கமலத்தின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வந்தார். மணையில் இருந்த மகனை யாரோ என்பதுபோல் பார்த்தார். பிறகு பெண் வீட்டார் பந்தியில், ஆண்டியப்பனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளைக்குத் தகப்பன் எங்கே மச்சான்?" என்றார் ஆண்டியப்பன், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"வரலை. ரோசக்காரன்."

"சம்பந்தக்காரர் வராட்டி எப்படி?"

"நீ அந்த வீட்டுல பொண்ணைக் குடுத்திருக்கவே கூடாது மாப்பிள்ளை. நான் அப்பவே சொன்னேன்."

இருவரும் மாப்பிள்ளை வீட்டாரை ஒரு பாடு திட்டிவிட்டு, பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தை பிறந்ததும் நல்லதம்பியும் செங்கமலமும் விருத்தாசலம் பக்கம் பீங்கான் வேலைக்குக் குடிபோனார்கள். அங்கே பொம்பளை தொடலாம், ஆம்பளை தொடலாம், எதுவும் யாருக்கும் பாத்தியமில்லை என்று எழுதியிருந்தாள். அமராவதி அடிக்கடி போய் வருகிறாள். போன மாதம் சோலையப்பன் கையில் ஒரு மூட்டையோடு பஸ் ஏறினார். டிக்கெட் விருத்தாசலத்துக்கு, கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த வீட்டு வாசலில் போய் நின்று அவர் பெண்ணின் மாமனாக உள்ளே போனாரா, பையனின் தகப்பனாக உள்ளே போனாரா? எனக்குத் தெரியாது. அமராவதியும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் போய்ப் பார்ப்பதென்றால் விருத்தாசலம் ரொம்பத் தூரம். உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் வீடு இருந்தால், கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த இடத்துக்குக் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.